ஒரு தாய் வயிற்று மீன்கள்

அத்தியாயம் 17

போன வாரம் பெரியவளை அவள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தோம். ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டர் கணக்கைப் போட்டு முடிக்கட்டும் என்று ஓடவிட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. பக்கத்தில் கணவர் நன்றாகத் தூங்கினார். மறுநாள் ஆற்றங்கரையில் விழா, பதினைந்தாயிரம் செந்துடுப்பு மீன்குஞ்சுகளை ஆற்றில் விடப்போகிறார், களைத்துப் போயிருப்பார் என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியவள் மீன்களின் மரபணுவைப் படிப்பவள். கணவர் ஆற்றோரத்து மீன்குஞ்சுப் பண்ணையின் மேலாளர். அவளுடைய ஒரே தங்கை, எல்லோருக்கும் சின்னவள், அதே பண்ணையில் வேலை பார்க்கிறாள். அக்காவும் தங்கையும் சில வருஷங்களாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. அம்மா சின்னவளோடு இருக்கிறாள்.

செந்துடுப்பு அந்த ஆற்றுக்கே உரிய மீன். வருஷா வருஷம் பண்ணையிலிருந்து குஞ்சு விட்டும் அது அழிந்துகொண்டே வந்தது. தண்ணீர் கெடவில்லை. இரைக்கும் குறைவில்லை. மீன் முட்டையும் இடுகிறது. குஞ்சு மட்டும் வருவதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் பெரியவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றில் ஆறு இடங்களில் வலை போட்டு, சிக்கும் மீனின் துடுப்பு ஓரத்தில் நகக்கண் அளவு நறுக்கி, குப்பியில் போட்டு அக்காவின் மேஜையில் வைப்பது சின்னவளின் வேலை. இந்த வருஷம் சின்னவளுக்கு மஞ்சள் காமாலை. அதனால் பெரியவளே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். அவள் கையால் பிடித்த மீன்களையும், தங்கை முன்பு கொடுத்த மீன்களையும் சேர்த்து, மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை முழுதாகப் படித்தது இதுதான் முதல் தடவை.

காலையில் அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது கணக்கம்மா ஏற்கெனவே வந்திருந்தார். புள்ளிவிவரக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். அவருடைய மேஜையில் பிஸ்கட் டப்பா மூடியபடி இருந்தது. அது நல்ல சகுனம் கிடையாது.

"உக்காரு" என்றார்.

"பரவால்ல, சொல்லுங்க."

"உக்காருன்னா உக்காரேன்."

பெரியவள் உட்கார்ந்தாள்.

"நீ பிடிச்சிட்டு வந்த மீனையும், மியூசியத்துல பாட்டில்ல இருந்த பழைய செந்துடுப்பையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். உன் மீனு செந்துடுப்பே இல்ல. அதாவது, பாதிதான் செந்துடுப்பு. மீதி குளத்துக் கெண்டை."

"பண்ணையில வளர்ப்பாங்களே, அந்தக் கெண்டையா?"

"அதேதான். கலப்பு மீனை வெளியில பார்த்தா வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள்ள நல்லாத் தெரியுது. இங்க பாரு, முட்டைத் தோல்ல பசை சுரக்க வைக்கிற மரபணு. செந்துடுப்போட முட்டை ஆத்துக் கல்லுல பச்சக்குனு ஒட்டிக்கும். கெண்டைக்குக் குளத்துல அந்தத் தேவை இல்ல, அதுக்குப் பசை கிடையாது. உன் மீனுங்க பெரும்பாலானதுக்கு இந்த இடத்துல கெண்டையோட எழுத்துதான் இருக்கு."

பெரியவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. முட்டை போடுகிறது. ஒட்டவில்லை. ஆறு அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இத்தனை வருஷமாகத் தேடிய விடை கிடைத்துவிட்டதே என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்போ என் தங்கச்சி முன்னாடி குடுத்தது? அதெல்லாம் சுத்தமான செந்துடுப்புன்னுதானே வந்துச்சு? அதை வெச்சுத்தானே அறிக்கையே எழுதினேன்?"

"சுத்தம்தான். ரொம்பச் சுத்தம்." கணக்கம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "அப்போ நாம அங்கங்க நாலு இடத்தைத் தொட்டுப் பார்த்தோம், அதனால தெரியல. இப்போ முழுசாப் படிச்சதும் தெரியுது. மூணு வருஷம், ஆறு இடம்னு எழுதிக் குடுத்த அத்தனை மீனும் ஒரே அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் பொறந்ததுங்க."

"கூடப் பொறந்ததா?"

"ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. ஆத்துல ஆறு இடத்துலயும் வருஷா வருஷம் அந்த ஒரு குடும்பம் மட்டும் சொல்லி வெச்ச மாதிரி வந்து வலையில விழுமா? நீயே சொல்லு."

விழாது. ஒரு தொட்டியில் இருந்தால்தான் விழும். அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பிஸ்கட் எடுத்துக்கோ" என்று டப்பாவை நகர்த்தினார் கணக்கம்மா. அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

பெரியவள் வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டாள். பின்னால் ஒலிபெருக்கியைச் சோதிக்கும் சத்தம் கேட்டது.

"என்ன டாக்டரம்மா, கிளம்பியாச்சா? மேடையில உனக்கு நடு நாற்காலி."

"என்னங்க, குஞ்சு விடறதை நிறுத்துங்க."

"ஏன், நேரம் சரியில்லையா?" என்று சிரித்தார்.

"விளையாடாதீங்க. அந்தக் குஞ்சுல கலப்பு இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மைக்கில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

என்ன கலப்பு என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். எப்படித் தெரியும், யார் சொன்னது, நல்லாப் பார்த்தியா... எதையாவது கேட்பார். தெரியாத மனிதர் கேட்பார்.

"சாயங்காலம் வீட்டுல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

போனைப் பிடித்தபடியே அவள் தூணில் சாய்ந்தாள். பண்ணைக்குப் போகவேண்டும். முதலில் தங்கையைப் பார்க்கவேண்டும்.

*

பண்ணைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது லாரி கிளம்பிப் போய்விட்டிருந்தது. சிமென்ட் தொட்டிகளுக்கு நடுவே சின்னவள் முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வலையை அலசிக்கொண்டிருந்தாள். காமாலையில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை. கழுத்தெலும்பு தெரிந்தது.

அக்காவைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"விழாவுக்குப் போகல? உன் நாற்காலி காத்துக்கிட்டு இருக்குமே."

"நீ எனக்குக் குடுத்த மீனெல்லாம் எங்கேர்ந்து எடுத்தே?"

"ஏழாம் தொட்டி."

அவ்வளவுதான். திடுக்கிடவில்லை. மழுப்பவில்லை. என்ன மணி என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மூணு வருஷமுமா?"

"மூணு வருஷமும்."

வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தது பெரியவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடி? நீ குடுத்த குப்பியை ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருப்பேனா? வேற யாரு குடுத்திருந்தாலும் ரெண்டு தடவை சரிபார்த்திருப்பேன். என் தங்கச்சி குடுத்ததுன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன். மரபணுவுல தப்பில்ல, தண்ணியிலதான் ஏதோன்னு அறிக்கை எழுதினேன். அதை நம்பித்தான் குஞ்சு விடறதை ரெண்டு மடங்காக்கினாங்க! நான் என்னடி பாவம் பண்ணினேன் உனக்கு?"

சின்னவள் வலையைக் கொடியில் போட்டாள். திரும்பினாள்.

"நடிக்காதக்கா."

"என்னது?"

"இங்க யாரும் இல்ல. யாருக்காக நடிக்கிறே? நீ கேட்டதைத்தானே குடுத்தேன்."

"நான் கேட்டேனா? எதை?"

"சுத்தமான மீனா வேணும்னு."

"நான் எப்போடி கேட்டேன்?"

சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. சிறு வயதில், பொய் சொல்கிறாளா நிஜமா என்று அக்காவின் மூக்கு நுனியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இப்போதும் அங்கேதான் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "உனக்குத் தெரியாதா?"

"எது தெரியாதா?"

சின்னவள் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் சொன்னாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் தாய் மீன் தொட்டிகளில் காற்று மோட்டார் நின்றுபோனது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் பிழைத்தன. அந்த இரண்டையும் சின்னவள் ஏழாம் தொட்டியில் தனியாகப் போட்டு வளர்த்தாள். மற்றத் தொட்டிகளுக்கு அத்தான் ஆற்றிலிருந்து நாலைந்து பெண் மீன்களைப் பிடித்து வரச் சொன்னார். ஆண் மீன் கிடைக்கவில்லை, பிழைத்த ஒரே ஆண் அத்தனைக்கும் போதாது. ஆண் குளத்துக் கெண்டைகளை விட்டார்.

"உன்கிட்ட சொல்லலாம்னு அன்னைக்கே ஸ்கூட்டரை எடுத்தேன்க்கா. கேட் வரைக்கும் போயிட்டேன். அத்தான் வந்து கையைப் பிடிச்சு நிறுத்தினார். 'உங்க அக்காவுக்குத் தெரியும்'னார்."

பெரியவள் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"'அவதான் சொன்னா, இப்போதைக்கு இப்படியே ஓட்டுங்க, வெளியில மூச்சு விடாதீங்கன்னு. இதைப் பத்தி நீ அவகிட்ட கேட்டுடாதே. உன் முன்னால தலைகுனியற மாதிரி ஆயிடும், உடைஞ்சு போயிடுவா'ன்னார். அப்புறம் நீ ஆராய்ச்சி ஆரம்பிச்சே. அப்பவும் வந்தார். 'அக்காவுக்குச் சுத்தமான மீனா வேணுமாம், ஏழாம் தொட்டியிலேர்ந்து எடுத்து, ஆத்துல பிடிச்சதுன்னு எழுதிக் குடுத்துடு. நேர்ல கேக்க அவளுக்குக் கூச்சம்'னார்."

"அதான் குப்பியை வெச்சுட்டு ஒரு வார்த்தை பேசாமப் போவியா?"

"என்ன பேசறது? உன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல. உனக்கு விருது குடுத்தாங்களே, எல்லாரும் கை தட்டினாங்களே... என்னால அங்க உக்கார முடியல. எந்திரிச்சு வந்துட்டேன்."

அந்த நாள் பெரியவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேடையிலிருந்து பார்த்தபோது தங்கையின் முதுகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். கணவர்தான் தலையைத் தடவிக் கொடுத்தார். சின்னவளுக்கு உன் மேல கொஞ்சம் பொறாமை, சின்னப் பொண்ணுதானே, நீ விட்டுப் பிடி என்றார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். எவ்வளவு பக்குவமான மனிதர் என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இப்போது அந்தக் கையை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

அவர் கெண்டையைக் கலந்தது ஒரு குற்றம். அதை மறைத்தது இன்னொன்று. ஆனால் தன்னைப் பற்றித் தங்கையிடம் ஒரு பொய், தங்கையைப் பற்றித் தன்னிடம் ஒரு பொய் என்று இரண்டையும் இரண்டு காதிலும் ஊற்றிவிட்டு, இருவருக்கும் நல்லவராக நடுவில் உட்கார்ந்து இத்தனை வருஷம் காபி குடித்திருக்கிறாரே!

"சரி, அவர் சொன்னார். நான் அப்படிச் செய்வேன்னு நீ எப்படிடி நம்பினே? உன்னைத் தூக்கி வளர்த்தவடி நான்."

சின்னவளுக்கும் கோபம் வந்தது. "நீ கட்டிக்கிட்டவர்தானே சொன்னார்? நீயே நம்பிக் குடித்தனம் பண்றவரை நான் நம்பினா தப்பா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீ கேட்டியா? ஏண்டி பேச மாட்டேங்கறே, என்ன ஆச்சு உனக்குன்னு நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. பொறாமை என்று யாரோ சொன்னதும் ஒப்புக்கொண்டுவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர். யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கு முன் பேசித் தீர்க்க இன்னும் நிறைய இருந்தது.

"லாரி கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?" என்றாள் பெரியவள்.

"நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்."

"பூட்ஸைக் கழட்டாதே. அப்படியே வா."

*

ஆற்றங்கரையில் துணிப்பந்தல், வரிசையாக நாற்காலிகள், பேனரில் துள்ளும் மீன் படம். பேனரில் இருந்ததும் செந்துடுப்பு இல்லை, யாரோ வேறு மீனைப் போட்டிருந்தார்கள். லாரியின் தொட்டியிலிருந்து தண்ணீர் வரைக்கும் குழாய் இறக்கியாகிவிட்டது. லாரிக்காரர் வால்வில் கை வைத்தபடி உத்தரவுக்காகக் காத்திருந்தார். துறை இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டையில் கணவர் சிரித்தபடி வந்தார். பின்னால் சின்னவள் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

லாரிக்குப் பின்பக்கம் மூவரும் ஒதுங்கினார்கள்.

"நான் தெரிஞ்சுதான் செஞ்சேன்னு இவகிட்ட சொன்னீங்களா?"

அவர் சின்னவளைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். "சொல்லிட்டாளா" என்றார்.

பெரியவளுக்கு அதுவரைக்கும் மனதின் ஒரு மூலையில், எல்லாம் தங்கை கட்டிவிட்ட கதையாக இருக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று.

"கேளு. அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா பண்ணையை இழுத்து மூடியிருப்பாங்க. பண்ணை போனா மீனும் போச்சு. ஒரு வருஷம் சமாளிச்சுட்டா, ஆத்துலேர்ந்து நல்ல மீனாப் பிடிச்சு மாத்திடலாம்னு நினைச்சேன். போய்ப் பிடிச்சா, எதோட முட்டையும் ஒட்டல, வந்ததெல்லாம் நாம விட்ட கலப்புதான். நான் என்ன பண்ணட்டும்?"

"அது மீனோட கணக்கு. எனக்கு என்ன பதில்?"

"உன்னைக் காப்பாத்தத்தான் எல்லாம். உனக்குத் தெரிஞ்சா நீயும் மாட்டிக்குவே."

"என்னைக் காப்பாத்த என்னையே திருடின்னு சொன்னீங்களா?"

நீ என்று சொல்ல வாய் வந்தது. பழக்க தோஷம், "நீங்க" என்றே வந்து தொலைத்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு. கூட்டம் கலையட்டும். நாளையிலேர்ந்து நீ என்ன சொல்றியோ அப்படி."

"இதுல ஒரு குஞ்சு ஆத்துல இறங்கக் கூடாது."

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "சரி, நானே சொல்றேன்" என்று மேடையை நோக்கி நடந்தார்.

நல்ல புத்தி வந்துவிட்டது என்றுதான் பெரியவளும் நினைத்தாள்.

"பெரியோர்களே" என்றார் மைக்கில். குரல் லேசாகத் தழுதழுத்தது. "ஒரு வருத்தமான செய்தி. நம்ம பண்ணையில ஒரு பெரிய தவறு நடந்திருக்கு. ஆத்துல மீன் பிடிச்சு ஆய்வுக்குக் குடுக்கற ஊழியர், பல வருஷமா பொய்யான மாதிரிகளைக் குடுத்து ஏமாத்தியிருக்கார். இன்னைக்குக் காலையில என் மனைவி அதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த ஊழியர் எனக்குச் சொந்த மைத்துனி. சொந்தம்கிறதுக்காக நான் மூடி மறைக்க மாட்டேன்."

கூட்டம் 'உச்' கொட்டியது. முன்வரிசையில் ஒருவர், "எவ்வளவு நேர்மையான மனுஷன்" என்றார்.

சின்னவள் பூட்ஸ் காலோடு லாரி ஓரத்தில் நின்றாள். மறுக்க வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். குப்பிகளைக் கொடுத்தது அவள்தானே.

பெரியவள் மேடை ஏறினாள். மரியாதைக்குக்கூட யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவரும் கொடுத்தார், அத்தனை பேர் பார்க்கும்போது இழுத்துப் பிடிக்க முடியாதே.

"இவர் சொன்னதுல பாதி உண்மை" என்றாள். "மீதியை நான் சொல்றேன். இந்த லாரியில இருக்கறது செந்துடுப்பு இல்ல. பாதிக்குப் பாதி குளத்துக் கெண்டை. இதுங்க முட்டை கல்லுல ஒட்டாது. இதை ஆத்துல விட விட, மிச்சம் மீதி இருக்கற நல்ல மீனோட வம்சமும் ஒட்டாமப் போகும். காப்பாத்தறோம்னு சொல்லிக்கிட்டு நாமதான் அதை அழிச்சிட்டு இருந்திருக்கோம். என் தங்கச்சி பொய்யான மாதிரிகளைக் குடுத்தது தப்புதான். குடுக்கச் சொன்னவர் இவர். கெண்டையைக் கலந்தவரும் இவர். அதை வெச்சு நான் எழுதின அறிக்கை செல்லாது, நான் திரும்ப வாங்கிக்கறேன்."

இயக்குநர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

கணவர் பக்கத்தில் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே, "சரியாத் தூங்கல பாவம், களைச்சுப் போயிருக்கா" என்றார்.

இயக்குநர் எழுந்தார். "டாக்டர், இவ்வளவு பெரிய விஷயம் சொல்றீங்க. ஆதாரம் இருக்கா?"

"லாரியில இருக்கு சார். பதினஞ்சாயிரம் ஆதாரம். அப்பா யாரு அம்மா யாருன்னு ஒவ்வொண்ணும் உடம்புக்குள்ளயே எழுதி வெச்சிருக்கு. எந்தக் குஞ்சை வேணாலும் நீங்களே எடுத்து, எந்த ஆய்வுக்கூடத்துல வேணாலும் குடுங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

லாரிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, திறக்கறதா வேண்டாமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க, கை மரத்துப் போச்சு!"

இயக்குநர் கணவரைப் பார்த்தார். கணவர் பதில் பார்வை பார்க்கவில்லை. கீழே குனிந்து மைக் ஒயரைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"மூடுப்பா" என்றார் இயக்குநர்.

*

கூட்டம் கலைய அதிக நேரம் ஆகவில்லை. நாற்காலிகளை மடிக்கும் சத்தத்துக்கு நடுவே கணவர் வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் எப்போதும்போல, "வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

பெரியவள் கைப்பையைத் திறந்து கார் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க போங்க."

"நீ?"

"நான் மீனோட போறேன்."

லாரியின் முன்பக்கத்தில் லாரிக்காரர், நடுவில் சின்னவள், ஜன்னலோரம் பெரியவள். பின்னால் தொட்டியில் தண்ணீர் தளும்பும் சத்தம். பண்ணை வரைக்கும் யாரும் பேசமாட்டார்கள் என்று நினைத்துத்தான் லாரிக்காரர் ரேடியோவைப் போடக் கை நீட்டினார். அப்போது பெரியவள் கேட்டாள்.

"ஏழாம் தொட்டியில இப்போ எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"என்னடி சொல்றே?"

"நான் காமாலையில படுத்திருந்தேன்ல, ஆத்துல நானே இறங்கறேன்னு நீ அத்தான்கிட்ட சொன்னியாமே. உடனே அத்தான் தொட்டியைக் காலி பண்ணிட்டார். மருந்தடிக்கணும்னு சொன்னாராம்."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். கலப்பில்லாத கடைசிக் குடும்பம். தன்னை ஏமாற்றிய அந்த மீன்கள்தான் இனி ஒரே நம்பிக்கை என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா... ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"இனிமே திட்ட என்ன இருக்கு?"

"வருஷா வருஷம் அந்தத் தொட்டியிலேர்ந்து கொஞ்சம் குஞ்சை வாளியில எடுத்துட்டுப் போய், அருவிக்கு மேல ஒரு ஓடை இருக்குல்ல, அதுல விட்டேன். கீழேர்ந்து எந்த மீனும் அங்க ஏற முடியாது. அத்தானுக்குத் தெரியாது. உனக்கும் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன்."

"எனக்கு ஏன்?"

"கெடுக்கறது நீன்னு நினைச்சுட்டு இருந்தேனே. உன்கிட்டேர்ந்துதான் காப்பாத்தினேன்."

பெரியவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "உசிரோட இருக்கா?"

"போன வருஷம் போனப்போ கல்லுல முட்டை பார்த்தேன். விரலால சுரண்டினாலும் வரல."

ஒரே குடும்பத்துக்குள் பிறந்து பெருகியவை. ரத்தம் நெருங்கியது. அது போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது ஒட்டுகிற முட்டை. உடனே இன்னொன்றும் தோன்றியது. இதே குரல், இதே கை, இதே முகம்தான் மூன்று வருஷம் தன்னிடம் பொய்க் குப்பிகளைத் தந்தது.

"இதை நான் நம்பலாமாடி?"

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நம்பாதே. நீயே வந்து ஓடையில இறங்கி, நீயே பிடிச்சு, நீயே பாரு. நான் கரையில நிக்கறேன், கிட்டக்கூட வரல."

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "அருவி ரோடு மோசம்மா. லாரி ஏறாது. நாளைக்குக் காலையில வேணா என் தம்பி ஜீப்பைச் சொல்லி வைக்கட்டுமா?"

பெரியவள் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. அம்மா.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே நீ?" அம்மாவின் குரல் லாரி முழுக்கக் கேட்டது. "மாப்பிள்ளை இங்க வந்து உக்காந்து குழந்தை மாதிரி அழறார்! சின்னவ பண்ணின தப்பை மறைக்க, ஊர் பார்க்கப் புருஷன் மேலயே பழி போட்டியாமே? அவ உன்னை என்னவோ சொல்லி மிரட்டி வெச்சிருக்காளாமே? அவளைப் பெத்ததுக்கு நான் எங்க போய் முட்டிக்கிறது?"

ஆக, அங்கேயும் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சமிருந்த ஒரே காதிலும்.

சின்னவள் பெரியவளின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மா, நான்தான் பேசறேன்."

அம்மா சட்டென்று நிறுத்தினாள். "நீயா? உன் அக்கா போன் உன்கிட்ட எப்படி?"

"அக்கா பக்கத்துலதான் இருக்கா. ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்துட்டிருக்கோம்."

அந்தப் பக்கம் போனைக் காது மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேருமா?" என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது. "ஒரே வண்டியிலயா? பேசிக்கிட்டா?"

"ஆமாம்மா" என்றாள் பெரியவள், தங்கையின் தோள் மேலாகச் சாய்ந்து போனில். "பேசிக்கிட்டுதான்."

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. யாரு அத்தை போன்ல, என்ன சொல்றாங்க என்று. நாற்காலி நகரும் சத்தமும் கேட்டது.

அம்மா போனை வைக்க மறந்துவிட்டாள். அவள் அவரிடம் பேசியது லாரியில் மூவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"எங்க கிளம்பறீங்க மாப்பிள்ளை? உக்காருங்க. பொண்ணுங்க ரெண்டு பேரும் சேர்ந்து வராங்களாம். இப்போ என்கிட்ட சொன்னீங்களே, அதை அவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க."